கைட் பாருக்குக் கயிறு மாற்றுவது: கல்குடாக் கரையிலிருந்து சில அனுபவங்கள்

கைட் சேர்ஃபிங் (பட்டம் இழுக்கப் பலகையில் நின்று தண்ணீரில் ஓடுவது) செய்கிறவர்கள் பெரும்பாலும் பட்டத்தின் துணியைத்தான் கண்ணுங்கருத்துமாகப் பார்ப்பார்கள். எங்கே தையல் விட்டிருக்கிறது, எந்த வால்வில் காற்றுக் கசிகிறது என்று தடவித் தடவித் தேடுவார்கள். ஆனால் இலங்கையின் கிழக்குக் கரையில் ஓடுகிறவனுக்கு முதலில் செலவு வைப்பது துணி அல்ல, கயிறு. அதிலும் பாரின் (கையில் பிடிக்கிற குறுக்குத் தடியின்) நடு ஓட்டைக்குள்ளால் போய் வரும் அந்த ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடின கயிறு.

வாடைக் காலத்தில் கல்குடா, பாசிக்குடாப் பக்கமும் கச்சான் (மேல்காற்று) காலத்தில் மட்டக்களப்பு வாவியிலும் ஓடுகிறோம். பக்கத்தில் கைட் சாமான் வாங்கக் கடை இல்லை. கயிறு தேய்ந்தால் நாமே அவிழ்த்து, அளந்து, எங்கிருந்தாவது எடுப்பித்து, நாமே கோர்க்க வேண்டும். என்னுடையதையும் கூட்டாளிகளுடையதையும் இப்படி மாற்றி மாற்றிக் கொஞ்சம் கைவந்திருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

இந்த விளையாட்டைத் தூரத்தில் நின்று பார்த்தவர்களுக்காக ஒரு நிமிடம். கையில் பிடிக்கிற பார் ஏறக்குறைய அரை மீற்றர் நீளம். அதிலிருந்து பட்டத்துக்கு வழக்கமாக நான்கு நூல்கள் போகும். நீளம் 20 முதல் 27 மீற்றர் வரை. முன் நூல்கள் இரண்டும் நடுவில் ஒன்றாகச் சேர்ந்து, பாரின் ஓட்டைக்குள்ளால் இறங்கி, இடுப்பில் கட்டியிருக்கும் ஹார்னஸின் கொக்கியில் மாட்டுகிற வளையத்தில் முடியும். பின் நூல்கள் இரண்டும் பாரின் இரு முனைகளில். பட்டத்தின் பெரிய இழுவையை முன் நூல்கள் வழியாக இடுப்புத் தாங்கும். கை செய்வது பாரை ஏற்றி இறக்குவது மட்டுந்தான். பாரை நெஞ்சுப் பக்கம் இழுத்தால் பட்டம் பலம் பிடிக்கும், மேலே தள்ளினால் பலம் விடும். அதாவது நடுவில் போகிற கயிறு ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறது. முழுப் பாரத்தையும் தாங்குகிறது. பார் அதன்மேல் நாள் முழுக்க ஏறி இறங்கி உரசுவதையும் தாங்குகிறது. இடையில் உப்பும் மணலும் வேறு. தேயாமல் என்ன செய்யும்?

கயிறு மாற்றப் போகிற எவரும் முதலில் கேட்பது "இது எத்தனை கிலோ தாங்கும்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விகளில் அது கடைசிக் கேள்வி. எங்கே உரசும், எவ்வளவு நீளும், அந்த ஓட்டைக்குள்ளால் தடையில்லாமல் போகுமா, அவசரத்துக்குக் கழற்றும்போது வழிவிடுமா, இந்த நான்கையும் தாண்டி வந்த கயிற்றில் பலம் போதாமல் இருப்பது அரிது. பலத்தை மட்டும் பார்த்து வாங்கிய கயிறோ மற்ற நான்கில் ஒன்றில் விழுந்துவிடும்.

வாழைச்சேனைத் துறைமுகப் பக்கம் மீன்பிடிச் சாமான் விற்கும் கடைகளில் கயிற்றுக்குப் பஞ்சமே இல்லை. உருளை உருளையாக, பச்சை, நீலம், வெள்ளை என்று விரல் தடிப்பிலிருந்து கை தடிப்பு வரை கிடைக்கும். அங்கே ஒரு கடைக்காரக் காக்காவிடம் தேய்ந்த துண்டைக் காட்டிக் கேட்டபோது அவர் ஒரு நைலோன் சுருளை எடுத்து வைத்தார்.

"தம்பி, இது நங்கூரத்துக்குப் போடுற கயிறு. போட்டையே புடிச்சு வெச்சிருக்கும். உங்கட பட்டத்தப் புடிக்காதா?"

"புடிக்கும் காக்கா. ஆனா இழுபடுமே."

"இழுபட்டாத்தானே தம்பி அறுந்து போகாது!"

அவர் சொன்னது நங்கூரத்துக்கு நூறு வீதம் சரி. அலை தூக்கித் தூக்கிப் போடும்போது கயிறு நீண்டு கொடுத்தால்தான் போட்டின் கொம்பு பிடுங்காது. நைலோன் அறும் தறுவாயில் தன் நீளத்தில் கால் பங்கு அளவுக்கும் நீளக்கூடியது. கைட் பாருக்கு அந்தக் குணந்தான் வினை. நான் பாரை ஒரு விரற்கடை இழுத்தால் பட்டம் அந்த ஒரு விரற்கடையை உணர வேண்டும். கயிறே இடையில் அதைத் தின்றுவிட்டால் பட்டம் சொல்லுக் கேட்காது. திடீர்க் காற்றில் கயிறு நீண்டு, காற்று ஓய்ந்ததும் சுருங்கும்போது பட்டம் தானாகப் பலம் மாறும். போதாக்குறைக்கு நைலோன் தண்ணீர் குடிக்கும். நனைந்தால் பலத்தில் பத்து, பதினைந்து வீதம் இழக்கும், தடிப்பும் கூடும்.

பச்சையும் நீலமுமாய்க் கிடக்கிற பொலிபுறொப்பிலீன் கயிறு மிதக்கும், விலையும் மலிவு. வெயில்தான் அதற்கு எமன். எங்கள் ஊர் வெயிலில் கொஞ்ச காலம் கிடந்தால் தும்பு தும்பாக உதிர்வதை எந்த வாடியிலும் பார்க்கலாம். சொரசொரப்பு வேறு, உள்ளங்கையைக் கிழித்துவிடும். பொலியெஸ்டர் கயிறு மூன்றிலும் நல்ல பிள்ளை. தண்ணீர் குடிக்காது, வெயிலைத் தாங்கும், உரசலுக்கும் ஈடுகொடுக்கும். ஆனாலும் நீட்சி இருக்கிறது. அதனால் பொலியெஸ்டரை உள்ளே வைக்காமல் வெளி உறையாக மட்டுமே வைக்கிறார்கள்.

உள்ளே இருக்க வேண்டியது டைனீமா. ஸ்பெக்ட்ரா என்ற பெயரில் வருவதும் அதே இனந்தான். வேதியியலில் பார்த்தால் கடைப் பையின் பொலிஎத்திலீன்தான், மூலக்கூறு மட்டும் மிக மிக நீளம், எல்லாம் ஒரே திசையில் இழுத்து அடுக்கப்பட்டிருக்கும். நெதர்லாந்தின் டி.எஸ்.எம். கம்பனி வளர்த்தெடுத்த இழை அது. அறும் வரைக்கும் இழுத்தாலும் மூன்று நான்கு வீதத்துக்கு மேல் நீளாது. தண்ணீரில் மிதக்கும், தண்ணீர் குடிக்காது, வெயிலையும் ஓரளவு நன்றாகவே தாங்கும். கைட்டின் நூல்கள் எல்லாமே ஏறக்குறைய இந்த இழையில் செய்தவைதான்.

யாரோ கொண்டுவந்து கொடுத்த துண்டு உண்மையில் டைனீமாவா என்று பார்க்க வீட்டிலேயே வழி உண்டு. ஒரு சிறு துண்டைத் தண்ணீரில் போடுங்கள். தாழ்ந்தால் நைலோன் அல்லது பொலியெஸ்டர். மிதந்தால் டைனீமாவாகவும் இருக்கலாம், பொலிபுறொப்பிலீனாகவும் இருக்கலாம். அப்புறம் கத்தரிக்கோலை எடுங்கள். பொலிபுறொப்பிலீன் வெட்டுப்பட்டுவிடும். டைனீமா மொட்டைக் கத்தரிக்கோலுக்கு மசியாது, அலகுக்கு இடையில் வழுகி மடங்கும். தொட்டால் மெழுகு தடவினதுபோல் வழுவழுப்பு. ஓர் இழையைப் பிரித்து விரலில் சுற்றி இழுத்தால் விரல் வெட்டுப்படுமே தவிர இழை அறாது (ஆகவே பேனையில் சுற்றி இழுங்கள்). நுனியை நெருப்பில் காட்டினால் நைலோன்போல் உருண்டு கெட்டிமுத்தாக நிற்காது. சுருங்கிக் கண்ணாடிபோல் ஆகி, அணைத்தால் மெழுகுதிரி வாசம் வரும். உறை போட்ட கயிறென்றால் உறையை விலக்கி உள்ளிழையைத்தான் சோதிக்க வேண்டும். உறை தாழும், உள்ளே மிதக்கும்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு அதன் குறைகளைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. டைனீமா 150 பாகைக்குக் கொஞ்சம் கீழேயே உருகிவிடும். அதற்கு முன்னமே, 70 பாகை தாண்டினாலே பலம் தளரத் தொடங்கும். இறுகி நிற்கும் ஒரு நூலின்மேல் இன்னொரு நூல் குறுக்காக வேகமாக ஓடினால் அந்தச் சூடே போதும், வாளால் அறுத்ததுபோல் அறுந்துவிடும். இரண்டு பட்டங்கள் சிக்கிக்கொள்வதில் உள்ள ஆபத்து அதுதான். இரண்டாவது குறை வழுக்கல். சாதாரண முடிச்சுப் போட்டால் பாரம் வந்ததும் வழுகி அவிழும். அவிழாத முடிச்சாகப் போட்டாலும் முடிச்சு இருக்கும் இடத்தில் பலம் பாதிக்குக் கிட்ட இறங்கிவிடும். மூன்றாவது, தொடர்ந்து பாரம் தொங்கவிட்டால் மிக மெதுவாக நீண்டுகொண்டே போகும், திரும்பிச் சுருங்காது. முன் நூல்கள் நாளடைவில் பின் நூல்களைவிட நீளமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, நடுக்கயிற்றுக்கு வருவோம்.

புதுக்கயிறு போடுவதற்கு முன் ஓட்டையைப் பாருங்கள். கயிறு ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்ந்தது என்பதற்கான பதில் பாதி நேரம் அங்கேதான் இருக்கும். ஓட்டையின் விளிம்பில் உள்ள பிளாஸ்டிக் வளையம் ஒரு பக்கம் வாய்க்கால் விழுந்து கூராகியிருந்தால் எந்தக் கயிறைப் போட்டாலும் அது அறுத்துக்கொண்டே இருக்கும். சிறிய சொரசொரப்பு என்றால் மிக நுண்ணிய தண்ணீர்ச் சாண்டுத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்து வழுவழுப்பாக்கலாம். வளையம் ஆட்டங்கண்டிருந்தால் அதையும் மாற்றத்தான் வேண்டும். விரலை விட்டுச் சுற்றித் தடவினாலே தெரிந்துவிடும்.

அப்புறம் தடிப்பு. பாருக்குப் பார் இது மாறும். 5 மில்லிமீற்றர் பரவலாகப் பார்க்கக் கிடைக்கிறது, 4உம் 6உம் கூட உண்டு. பழைய கயிற்றின் தேய்ந்த இடத்தில் அளந்தால் பிழையான எண் கிடைக்கும். அங்கே அது ஒன்றில் சப்பையாகியிருக்கும், அல்லது உறை கிளம்பிப் பூரித்திருக்கும். உரசல் படாத வால் பகுதியைத் தேடிப்பிடித்து அளக்க வேண்டும். வேர்னியர் இல்லையென்றால் பென்சில் ஒன்றில் நெருக்கமாகப் பத்துச் சுற்றுச் சுற்றி, அந்த அகலத்தை அடிமட்டத்தால் அளந்து பத்தால் வகுத்தால் போதும்.

ஒரு மில்லிமீற்றரில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைப்பவர்களுக்காகக் கல்லடிப் பக்கத்துத் தம்பி ஒருவரின் பாரைச் சொல்ல வேண்டும். 5 மில்லிமீற்றர் இருந்த இடத்தில் உறை போட்ட 6 மில்லிமீற்றர் கயிறு போட்டிருந்தார். பலம் கூடியது, பார்க்கவும் அம்சமாக இருந்தது. கரையில் காய்ந்த நிலையில் பார் நன்றாகவே ஏறி இறங்கியது. பாசிக்குடாவில் இடுப்பளவு தண்ணீரில், மெல்லிய காற்றில் வைத்து அவசரக் கழற்றியை, அதாவது ஆபத்தில் பட்டத்தைப் பலமிழக்க வைக்கும் இடுப்பு வளையத்துப் பூட்டை, தட்டிப் பார்த்தோம். பார் கொஞ்சத் தூரம் மேலே போய் அப்படியே நின்றுவிட்டது. பட்டம் இழுத்துக்கொண்டே இருந்தது.

காரணம் எளிது. இப்போதைய பார்கள் பலவற்றில் கழற்றியைத் தட்டினால் பட்டம் ஒரே ஒரு முன் நூலில் மட்டும் தொங்கும். பார் அந்த நூல் வழியே பல மீற்றர் மேலே ஓடிப்போக வேண்டும். அப்போதுதான் பட்டம் பலமிழந்து கொடிபோலத் தண்ணீரில் விழும். அந்தப் பாதுகாப்பு நூலும் நடுக்கயிறும் ஒரே ஓட்டைக்குள்ளால் போகிற பாரில், நனைந்த தடித்த கயிறு பக்கத்து நூலை நெரித்துப் பிடித்துவிட்டது. அன்று மெல்லிய காற்று, ஆழமில்லாத தண்ணீர். கூட்டாளி ஒருவர் ஓடிப்போய்ப் பட்டத்தைப் பிடித்தார், கதை முடிந்தது.

ஆகவே எந்தக் கயிற்றை மாற்றினாலும், எவ்வளவு சின்ன மாற்றமானாலும், நனைத்த கயிற்றோடு கழற்றியைத் தட்டிப் பார்க்காமல் ஆழத்துக்குப் போகாதீர்கள். கரையிலே முதலில் செய்யலாம். நூல் நுனிகளைத் தென்னை மரத்தில் கட்டி, வளையத்தைக் கொக்கியில் மாட்டி, உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்துச் சாய்ந்து தட்டுங்கள். பின்னால் மண் மட்டும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு தட்டுங்கள், ஏனென்றால் விழத்தான் போகிறீர்கள்.

உறை வேண்டுமா வேண்டாமா என்பதற்கு உங்கள் பாரில் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் பாகம் எப்படி இருக்கிறது என்பதுதான் பதில். பல் வைத்த பிடியில் கயிற்றைச் செருகி நிறுத்துகிற வகையென்றால், அந்தப் பல்லுக்குப் பிடிமானம் கொடுப்பது பொலியெஸ்டர் உறை. உறையில்லாத டைனீமாவைப் போட்டால் நடுத்தண்ணீரில் வழுகி வழுகி விடும். பார் உரசும் இடத்திலும் உறைதான் முதலில் தேய்ந்து உள்ளிழையைக் காக்கும். அதற்கு விலை இருக்கிறது. 5 மில்லிமீற்றர் உறைக் கயிற்றில் பாரத்தைத் தாங்கும் உள்ளிழை மூன்று மூன்றரை மில்லிமீற்றர்தான். உறையே இல்லாத நல்ல 5 மில்லிமீற்றர் டைனீமா சுமார் இரண்டு தொன் தாங்குமென்றால், உறைக் கயிற்றின் கணக்கு அதில் பாதியளவுக்கும் இறங்கலாம். முடிச்சுப் போட்டால் அதிலும் பாதி. அப்படியும் ஓர் ஆளைப் பட்டம் இழுக்கிற இழுவைக்குப் போதுமான இடைவெளி இருக்கும். ஆனால் தேய்மானத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது 4 மில்லிமீற்றர் உறைக் கயிற்றுக்கு நான் போகமாட்டேன். உறை கிழிந்து உள்ளே வெள்ளை தெரிகிற நாளே மாற்றும் நாள். கயிறு அன்றைக்கே அறுந்துவிடாது, ஆனால் கிழிந்த உறை ஓட்டைக்குள் சுருண்டு பாரை நடுவழியில் இறுக்கிப்பிடிக்கும்.

நீளத்தில் கைவைக்காதீர்கள். கயிறு ஒரு சாண் கூடினால் பார் கைக்கு எட்டாத தூரத்துக்கு ஓடிவிடும். உயரமான வெள்ளைக்காரருக்கென்று அமைந்த பழைய பாரை வாங்கிய ஒருவர், எட்டிப் பிடிக்க முடியாமல் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். பழைய கயிற்றை அவிழ்க்குமுன் எல்லாப் பக்கத்தாலும் ஃபோனில் படம் எடுங்கள், முடிச்சு எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பது உட்பட. பிறகு நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, ஒரு பக்கம் கட்டி உடம்புப் பாரத்தில் இழுத்து வைத்து அளவெடுங்கள். தளர்ந்து கிடக்கிற கயிற்றில் எடுத்த அளவு அளவே அல்ல. புதுக்கயிறும் முதல் பாரத்தில் முடிச்சு இறுகிக் கொஞ்சம் நீளும். அதனால் முடிச்சுகளை இறுக்கி, ஆளே தொங்கி ஆடிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் வாலை வெட்ட வேண்டும்.

முடிச்சா ஸ்ப்ளைஸா? உறையில்லாக் கயிற்றுக்கு ஸ்ப்ளைஸ்தான் என் விருப்பம். கயிறு உள்ளே வெற்றுக் குழாயாகப் பின்னப்பட்டிருப்பதால் வாலை அதன் வயிற்றுக்குள்ளேயே புதைக்கலாம். இழுக்க இழுக்க வெளிப் பின்னல் உள்வாலை இறுக்கும், பலமும் பத்தில் ஒன்பது பங்கு நிற்கும். புதைக்கும் நீளம் தடிப்பைப்போல் 72 மடங்கு என்பது டைனீமாவுக்குச் சொல்லப்படும் கணக்கு. 5 மில்லிமீற்றருக்கு 36 சென்ரிமீற்றர், 3 மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 22. வாலின் கடைசிப் பகுதியில் இழைகளை ஒவ்வொன்றாக வெட்டி ஊசிபோல் மெலிய வைக்காவிட்டால், மொட்டையாக முடியும் அந்த இடத்தில் கயிறு பலவீனப்படும். கருவிக்கு ஒன்றும் வாங்க வேண்டியதில்லை, மெல்லிய கம்பியை இரண்டாக மடித்தால் வாலைக் கோர்த்து இழுக்கப் போதும். பாரம் இல்லாத நேரம் வால் வெளியே வராமலிருக்க நாலு தையல் போட்டுவிடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். வால் புதைந்த இடம் தடித்துவிடும். 5 மில்லிமீற்றர் கயிற்றின் ஸ்ப்ளைஸ் 5 மில்லிமீற்றர் ஓட்டத்துக்கென்று செய்த ஓட்டைக்குள் போகாது. ஆகவே பார் ஓடும் தூரத்துக்கு வெளியே, மேல் பக்கம்தான் அது அமைய வேண்டும். கீழே வளையத்தின் பக்கம் 36 சென்ரிமீற்றருக்கு இடம் எங்கே? அங்கே பழையது எப்படித் தடை முடிச்சோடு நின்றதோ அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது. இணையத்தில் அழகான ஸ்ப்ளைஸ் காணொளிகள் நிறைய உண்டு. கயிறு எதற்குள்ளால் போகப் போகிறது என்பதை மட்டும் அவற்றில் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை.

இடுப்பு வளையமும் அதன் கழற்றியும் நம் கைவேலைக்கு உரியவை அல்ல. அந்தக் கழற்றிகளுக்கென்றே 2020இல் ஐ.எஸ்.ஓ. 21853 என்று ஒரு சர்வதேச நியமம் வந்திருக்கிறது. பாரத்தில் எப்படித் திறக்க வேண்டும், மணலும் உப்பும் பட்ட பிறகு எப்படி இயங்க வேண்டும் என்றெல்லாம் சோதித்துத்தான் விற்கிறார்கள். அதற்குள்ளே போகிற சிறு கயிற்றை நாம் அரை மில்லிமீற்றர் தடிப்பாகப் போட்டால் அந்தச் சோதனை முழுவதும் வீண். அந்தப் பாகத்தைத் தயாரித்தவரிடமிருந்தே எடுப்பியுங்கள், எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டி வந்தாலும் சரி. கயிற்றின்மேல் வழுவழுப்பான பொலியூரத்தேன் பூச்சு ஏற்றிய நடுக்கயிறுகளும் அப்படித்தான். அந்தப் பூச்சை வீட்டில் செய்ய முடியாது, வெறுங்கயிறு அந்த ஓட்டைக்குப் பொருந்தவும் பொருந்தாது.

நீள நூல்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அதில் தெரிவுக்கு அதிகம் இடமில்லை. கைட்டுக்கென்று செய்த நூலையே வாங்குங்கள். ஆழ்கடல் தூண்டிலுக்கு விற்கிற பின்னல் நூலும் இதே இழைதானே என்று கேட்பவர்கள் உண்டு. இழை அதேதான். ஆனால் தூண்டில் நூலில் 100 றாத்தல் என்று போட்டிருந்தால் அது 45 கிலோ. கைட் நூல்கள் ஒவ்வொன்றும் இருநூறு, முந்நூறு கிலோவுக்குச் செய்யப்படுகின்றன. முன்னதாகவே சூட்டில் இழுத்து நீட்சி எடுத்து, மேலே பூச்சும் கொடுத்திருப்பார்கள். மெல்லிய தூண்டில் நூல் ஆளின் மேலே பட்டால் சதையையே வெட்டும். ஒரு நூல் அறுந்தால் ஒட்டுமுடிச்சுப் போட்டு ஓடுவதும் வேண்டாம், அந்த ஒன்றை மட்டும் புதிதாக மாற்றுவதும் வேண்டாம். இடம் வலம் சோடியாக மாற்றினால்தான் நீளம் ஒத்துவரும்.

நீளம் ஒத்திருக்கிறதா என்பதை நூல் பழையதானாலும் அடிக்கடி பார்க்க வேண்டும். நான்கு நுனிகளையும் ஒரே ஆணியில் மாட்டி, பலத்தை முழுதாகக் கூட்டி வைத்து, பாரைப் பிடித்துப் பின்னால் சாயுங்கள். பார் ஒரு பக்கம் சரிந்தால் பட்டமும் தானாக ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும். பின் நூல்கள் குட்டையாகியிருந்தால் பட்டம் மூச்சுத் திணறிப் பின்புறமாகவே விழும். புதிதாகப் பழகுகிறவர்கள் தங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று நொந்துகொள்வார்கள், பிழை நூலில் இருக்கும். இரண்டு மூன்று சென்ரிமீற்றர் வித்தியாசத்தைப் பாரின் முனைகளில் உள்ள துணைக்கயிற்றின் முடிச்சுகளில் மாற்றி மாட்டியே சரிசெய்யலாம். அதற்குமேல் என்றால் குட்டையானதை மரத்தில் கட்டி நன்றாக இழுத்து நீட்ட வேண்டும்.

அந்தத் துணைக்கயிறும் பட்டத்தில் நூல் மாட்டத் தொங்கும் சிறு வால்களும் நாமே தாராளமாகச் செய்யக்கூடியவை. இரண்டரை, மூன்று மில்லிமீற்றர் டைனீமா போதும். பல பட்டங்களில் முன்பக்க வாலில் முடிச்சும் பின்பக்க வாலில் கண்ணியுமாக மாறி மாறி வைத்திருப்பார்கள், அவசரத்தில் மாறி மாட்டிவிடாமலிருக்க. புதிதாகச் செய்யும்போது அந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே நீளமா என்பதைப் பாரத்தில் வைத்தே பாருங்கள்.

எங்கள் பக்கத்தில் இதையெல்லாம் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காற்றும் ஒரு காரணம். மேற்குக் கரையின் கல்பிட்டியில் பழகிய பலர் அங்கே வாங்கிய தைரியத்தோடு கிழக்கே வருகிறார்கள். வாடை கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், கயிறு அறுந்தால் அலை நம்மைக் கரையில் கொண்டுவந்து போடும். கச்சான் நேர்மாறு. மேற்கேயிருந்து சுடச்சுட வந்து கரையைத் தாண்டிக் கடலுக்குள் இறங்கும். அந்தக் காற்றில் கடலில் வைத்து நடுக்கயிறு போனால் அடுத்த கரை எங்கே என்று கேட்கக் கூடாது. அதனால்தான் கச்சானில் வாவிக்குள்ளேயே ஓடுகிறோம். தள்ளிக்கொண்டு போனாலும் மறுகரை இருக்கிறது. வாவியில் வேறு தொல்லைகள். நட்டு வைத்த கம்புகள், விரித்த வலைகள், கண்டல் வேர்கள். சில பக்கங்களில் முதலையும் உண்டு. வலையில் விழுந்த பட்டத்தின் நூலை வலைக்காரரின் தொழிலைக் கெடுக்காமல் எடுக்கப் பொறுமை வேண்டும். அறுக்க வேண்டி வந்தால் நம் நூலை அறுங்கள், அவருடைய வலையை அல்ல. ஹார்னஸில் ஒரு கொக்கிக் கத்தி இருக்கட்டும்.

கயிறு எங்கே எடுப்பது? கல்பிட்டியில் கைட் பள்ளிகள் பல இருக்கின்றன, தெரிந்தவர் அந்தப் பக்கம் போனால் சொல்லிவிடலாம். அறுகம்பையில் ஏப்ரல் முதல் ஒக்ரோபர் வரை சேர்ஃபிங் காலம், வெளிநாட்டுக்காரர் வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். திரும்பி வருகிற பழக்கக்காரரிடம் "நாலைந்து மீற்றர் கொண்டு வாருங்கள்" என்றால் பையில் ஒரு மூலைகூடப் பிடிக்காது. பாய்மரப் படகுக்கு விற்கிற உறை போட்ட டைனீமாவைக் கேளுங்கள். "கைட் கயிறு" என்று கேட்டால் நீள நூலைக் கொண்டுவந்து நிற்பார்கள். மில்லிமீற்றரையும், உறை வேண்டுமா வேண்டாமா என்பதையும் எழுதிக்கொடுங்கள். கூரியரில் எடுப்பதென்றால் கயிற்றைவிட அனுப்பும் செலவும் வரியும் கூடிவிடும், நாலு பேர் சேர்ந்து எடுத்தால்தான் கட்டும். ஓரிரு மீற்றர் கூடவே எடுத்து வையுங்கள், பழகுவதற்கும் ஒரு துண்டு வேண்டும்.

போட்ட கயிறு நின்று உழைக்க வேண்டுமென்றால் ஓடி முடிந்ததும் பாரின் ஓட்டைக்குள் நல்ல தண்ணீரை ஊற்றி, பாரை நாலைந்து தரம் ஏற்றி இறக்குங்கள். உப்பைவிட மணல்தான் எதிரி. பாரை ஈர மணலில் போட்டு இழுத்துக்கொண்டு வருகிற பழக்கத்தை விடுங்கள். காயவைப்பது நிழலில். தகரக் கூரையிலோ காருக்குள்ளோ மதிய வெயிலில் போட்டு வைத்தால் இழை வெந்துபோகும். இரு பக்கமும் ஒரே மாதிரி முடிகிற கயிறென்றால் பாதிக்காலத்தில் தலைகீழாக மாற்றிப் போடலாம், உரசும் இடம் மாறும். மேலே மெல்லிய தும்பு எழும்பியிருந்தால் பயமில்லை. ஓரிடம் மட்டும் மெலிந்திருந்தாலோ, நகத்தால் தடவும்போது கண்ணாடிபோல் கெட்டியாகப் பட்டாலோ அதோடு சரி, கழற்றிவிடுங்கள்.

கழற்றிய கயிற்றை முழுசாக எங்கேயும் போட்டுவிடாதீர்கள். பார்வைக்கு நன்றாக இருப்பதால் யாராவது எடுத்துத் திரும்பவும் பாரில் கோர்ப்பார். கடலிலோ வாவியிலோ எறிந்தால் மிதந்துகொண்டே கிடந்து எஞ்சின் போட்டின் காற்றாடியில் சுற்றும். சாண் சாணாக வெட்டிவிட்டால் வலைக்காரருக்குக் கம்புகட்ட உதவும், கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.